ஒரே கம்பளியில் நான்கு பிள்ளைகள்

5 டிசம்பர் 1926, ஞாயிறு

இன்றும் யாரும் குளிக்கவில்லை. பரீதா வாளியில் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து முகைதீனும் அழுதான். அவளுக்கு ஆறு வயது, இவனுக்கு இரண்டு. அழுகையில் மட்டும் அக்காளுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் கிடையாது.

ரங்கூனுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது, இப்படி ஒரு குளிரைப் பார்த்ததில்லை. ஆற்றிலிருந்து ஏறி வரும் மூடுபனி வெயில் வந்த பிறகும் தெருவை விட்டு நகர்வதில்லை. தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிட்டது. துவைத்த துணி மூன்றாம் நாளும் சில்லென்று இருக்கிறது. தொண்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வீட்டில் கம்பளி ஒன்றே ஒன்று. இன்னொன்று வாங்குங்கள் என்று என் வீட்டுக்காரரிடம், பரீதா வாப்பாவிடம், நான் சொன்னால், குளிர் என்ன நிலைத்தா நிற்கப்போகிறது என்கிறார். அது போகிற வரைக்கும் நாங்கள் இருக்க வேண்டாமா?

9 டிசம்பர், வியாழன்

பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

பகலில் கடையிலிருந்து பரீதா வாப்பா வந்தார். பின்னால் இரண்டு பிள்ளைகள். ஏழு வயதிருக்கும் ஒரு பெண், அவள் இடுப்பில் மூன்று வயதுப் பையன். இருவர் கன்னத்திலும் பர்மாக்காரர்களின் மரப்பட்டைச் சந்தனம், தனாக்கா, பூசியிருந்தது. மூக்கு ஒழுகி அதிலேயே காய்ந்திருந்தது.

யார் பிள்ளைகள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. பையனின் நெற்றி அப்படியே முகைதீனின் நெற்றி.

“எம் புள்ளைகதான். அவங்க உம்மாவுக்கு மேலுக்கு முடியல. கொஞ்ச நாளைக்கு வச்சுக்க.”

ரயிலில் போகிற தூரத்தில், மாவ்பியில், ஒரு பர்மாக்காரி உண்டு என்பது எனக்குத் தெரியும். பெயர் மா டின். சந்தையில் காய் விற்கிறவள். நான் கப்பல் ஏறுவதற்கு முன்பே எல்லாம் சொன்னார். “முடிஞ்சுபோன விசயம், புள்ளைகளுக்குச் செலவுக்கு அனுப்புறதோட சரி” என்றார். என் வாப்பாவும் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

சொன்னதைச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான்கு பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

10 டிசம்பர்

பெண்ணின் பெயர் மிச்சோ. பையன் துதூ. ஒரு வார்த்தை தமிழ் வராது. மிச்சோ என்னை “தோதோ, தோதோ” என்கிறாள். நாயைக் கூப்பிடுகிற மாதிரி! அந்தச் சின்னப் பயல் என்னடாவென்றால் “யே, யே” என்று அதட்டுகிறான். மரியாதையில்லாமல் பேசினால் பிய்த்துவிடுவேன் என்று சத்தம் போட்டேன். நான் கத்தக் கத்த அவன் இன்னும் பெரிதாகக் கத்தினான்.

கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி பரீதாவுக்குப் பர்மா பாஷை நன்றாக வரும். அவள்தான் சொன்னாள். தோதோ என்றால் சின்னம்மாவாம். யே என்றால் தண்ணீராம்.

காலையிலிருந்து தண்ணீர் கேட்டிருக்கிறான் பிள்ளை.

13 டிசம்பர், திங்கள்

ஒரே கம்பளியில் நான்கு பிள்ளைகள். பரீதா இழுத்தால் மிச்சோ வெளியே, மிச்சோ இழுத்தால் முகைதீன் வெளியே. துதூ யாரையும் இழுப்பதில்லை, நடுவில் படுத்து நனைத்துவிடுகிறான். இந்தப் பனியில் கம்பளியை எங்கே காயப்போடுவேன்? கரி அடுப்பின் மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஓரம் கருகிவிட்டது.

நான் காய்ச்சிய மீன் ஆணத்தை மிச்சோ தொடவே இல்லை. வெறும் சோற்றைத் தின்றாள். தம்பிக்கு மட்டும் முள் எடுத்து ஊட்டினாள். எனக்கு ஏன் கோபம் வந்ததென்று தெரியவில்லை.

என் மகள் இப்போது நாள் முழுக்கப் பர்மா பாஷைதான் பேசுகிறாள். கன்னத்தில் தனாக்கா.

16 டிசம்பர், வியாழன்

அரிசி மூட்டையோடு அப்துல் ரவூப் வந்தார். எங்கள் கடையில் இருப்பவர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர். மாவ்பியில் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, என்ன நோவு என்று கேட்டேன்.

“நோவெல்லாம் இல்லீங்க. ஆம்புளப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

பிரசவம். சீக்கு இல்லை, பிரசவம். முடிஞ்சுபோன விசயம், முடிஞ்சுபோன விசயம்னு சொல்லிச் சொல்லியே— நான் இங்க வந்து இந்தப் படியேறி இவருக்கு ஆக்கிப்போட்டுக்கிட்டு இருக்கும்போதே போயிட்டு வந்திருக்கார். சரக்கு எடுக்கப் போறேன்னு சொன்னதெல்லாம் இதுதானா? நானும் துண்டு மடிச்சுக் குடுத்து அனுப்பினேனே.

பரீதா வாப்பா வந்ததும் கேட்டேன். குளிர் போன பிறகு சொல்லலாம் என்று இருந்தாராம். குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

17 டிசம்பர்

சோறு வைத்தேன். தட்டை வைத்ததும் அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

20 டிசம்பர், திங்கள்

முகைதீனுக்கும் துதூவுக்கும் சேர்ந்தாற்போல் காய்ச்சல். முகைதீன் அழுகிறான், அதனால் பயமில்லை. துதூ அழவில்லை. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போகிறது. டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, சூடாக வைத்திருங்கள், கவனமாகப் பாருங்கள் என்றார். வேறு எதுவும் சொல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மிச்சோ அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுப்பினாலும் எழுவதில்லை. அவன் “அமே” என்று முனகுகிறான். அதற்கு பரீதா அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் உம்மாவை அழைத்து வாருங்கள் என்று பரீதா வாப்பாவிடம் சொன்னேன். இங்கேயா என்றார். பிறகு பார்க்கலாம் என்றார். பிள்ளை பெற்ற உடம்பு, பனியில் எப்படி வரும் என்றார். அவருடைய பயம் பிள்ளைக்காகவும் இல்லை, பெற்றவளுக்காகவும் இல்லை.

“மச்சான், இந்தப் புள்ள எங்கையில போச்சுன்னா நா அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் அப்துல் ரவூபைக் கூப்பிட்டு ரயிலுக்கு அனுப்பினேன். இவரைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

21 டிசம்பர், செவ்வாய்

வந்துவிட்டாள். முகமெல்லாம் மஞ்சள். பிள்ளை பெற்றவர்கள் அப்படிப் பூசிக்கொண்டு சூட்டிலேயே இருக்க வேண்டுமாம், வெளிக்காற்று படக்கூடாதாம். அந்த உடம்போடு கைக்குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு விடிகாலை ரயிலில் வந்திருக்கிறாள். சின்னப் பெண்ணாக, அழகியாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். என்னைவிட மூத்தவள். வெற்றிலைப் பல். கையெல்லாம் காய்ப்பு.

நேராகப் போய் துதூவை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் எனக்கு சலாம் சொன்னாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். சும்மா நிற்காதே, உட்கார் என்று அதட்டித்தான் சொன்னேன்.

பூண்டை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்த்தாள். நான் ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றினேன். அவள் என் கையைத் தள்ளினாள், நான் அவள் கையைத் தள்ளினேன். கடைசியில் முதுகுக்கு ஓமம், நெஞ்சுக்குப் பூண்டு என்று ஆயிற்று.

சாயங்காலம் அவளே பேசினாள். பரீதா வாப்பாவிடம் கற்ற தமிழ்.

“நீ ஊருக்குப் போச்சுன்னு சொன்னாரு. கப்பல் ஏறிப் போச்சு, வராதுன்னு. புள்ள கடையில அவர்கூட இருக்குன்னு நெனச்சேன். ரவூப் வந்து அந்த அம்மா கூப்பிடுதுன்னு சொல்றான். எந்த அம்மான்னு கேட்டேன்.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கைக்குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு துதூவுக்குக் கஞ்சி கொடுக்கப் போய்விட்டாள்.

24 டிசம்பர், வெள்ளி

துதூவுக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. எழுந்ததும் “யே” என்றான். நான்தான் கொடுத்தேன்.

28 டிசம்பர், செவ்வாய்

மா டின் மூட்டை கட்டினாள். இந்தப் பனியில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாய் என்று கேட்டேன். சந்தை, சந்தை என்றாள். காய் கெட்டால் கெடட்டும் என்று மூட்டையை வாங்கி அவிழ்த்துவிட்டேன்.

வீடு முழுக்க அவள் அரைக்கும் மீன் விழுதின், ஙாப்பியின், நாற்றம். சொன்னால் சிரிக்கிறாள். உன் கருவாடு மட்டும் மணக்கிறதா என்கிறாள். பரீதா வாப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கணக்கு வேலை இருக்கிறதென்று கடையிலேயே படுக்கிறார். படுக்கட்டும். கம்பளிகள் மட்டும் மூன்று வந்து சேர்ந்தன, மறுபடி கேட்காமலே.

16 ஜனவரி 1927, ஞாயிறு

மா டின்னுக்கு ஊருக்கு வெளியே தின்கன்ஜூனில் வீடு பார்த்திருக்கிறாராம். என்னிடம் தனியாகச் சொன்னார், அவளிடமும் தனியாகச் சொன்னார். எல்லோருக்கும் அதுதான் நல்லதாம்.

இன்று குதிரை வண்டி வைத்து நாங்களே போய்ப் பார்த்தோம். துப்பட்டி போட்டுக்கொண்டு நான், கைக்குழந்தையோடு அவள், நான்கு பிள்ளைகள். இத்தனை பேரா என்று வண்டிக்காரன் முனகிக்கொண்டே வந்தான். வெறும் மண்தரை வீடு. கால் வைத்தால் ஈரம் ஏறுகிறது. கிணற்றையொட்டிக் கக்கூஸ். மா டின் உள்ளே ஒரு நடை நடந்துவிட்டு “மகௌங்பூ” என்றாள். நல்லாயில்லை என்று அர்த்தம். அது எனக்கே தெரியும்.

சாயங்காலம் பரீதா வாப்பா வந்து வீடு பிடித்ததா என்று கேட்டார்.

“புடிக்கல.”

“யாருக்கு?”

“எங்களுக்கு.”

இதே மாடியில் பின்பக்கத்து அறை காலியாகிறது, மா டின்னுக்கு அது போதும், போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பிள்ளைகள் நான்கு பேர் தலையிலும் பேன். முதலில் யார் தலையில் இருந்தது என்று மா டின்னும் நானும் நேற்றிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.