கை நனைக்காத வீடு

மே 6, செவ்வாய்

வெயில், ஆனால் காற்று குளிர். எங்கள் ஊர் பூம்பாறையின் மார்கழிக் குளிருக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஸ்வெட்டர் பெட்டியிலேயே.

வந்து சேர்ந்தாயிற்று. விமானம், ரயில், இன்னொரு ரயில். குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் கடல், மறுபடியும் குகை. ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. எனக்கு இது கடலூர். பழைய மீனவர் கிராமம். பாறையை ஒட்டி மஞ்சளும் சிவப்பும் ரோஸுமாக வீடுகள். கடலிலிருந்து பார்த்தால் அவரவர் வீடு தெரியட்டும் என்று அந்தக் காலத்தில் இப்படி நிறம் அடித்தார்களாம், மகள் சுகந்தி சொன்னாள். முனையில் சர்ச். கடற்கொள்ளைக்காரர்கள் வருகிறார்களா என்று பார்க்க ஒரு கோபுரம். இப்போது கொள்ளையெல்லாம் கீழே காப்பிக் கடையில்.

டூரிஸ்ட் கூட்டம். எனக்கு இது புதிதா? சீசனில் மேல் ரோட்டில் நின்று எங்கள் ஊரைப் போட்டோ எடுத்துத் தள்ளுகிறவர்களும் இதே தொப்பி, இதே கண்ணாடிதான். இந்தத் தடவை தொப்பி என் தலையில்.

வந்த வேலை. சுகந்திக்குப் பக்கத்து நகரத்தில் ஆய்வுக்கூட உத்தியோகம். இந்த ஊர் மீன்காரப் பையன் பாவ்லோவைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். ‘நீங்க ரெண்டு பேரும் சரின்னாத்தான்’ என்றும் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாப்பிள்ளை வீடு பார்க்க நான் இத்தனை தூரம். என் வீட்டுக்காரர் வரவில்லை. பூண்டு ஊன்றுகிற நேரம். தவிர, வத்தலக்குண்டுக்கு இறங்குவதற்குள் வாந்தி எடுக்கிற ஆளை எங்கே கடல் தாண்டிக் கூட்டி வருவது. பஸ் ஏற்றும்போது சொன்னார்:

“வீட்டப் பாரு, பையனப் பாரு. மனசுக்குப் பட்டா கை நனை. படலைன்னா ஒரு வாய் காப்பிகூட வேணாம், எந்திரிச்சு வந்துரு.”

மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாவிட்டால் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. அதனால்தான் அவர்கள் வீட்டில் தங்காமல், சந்துக்குள் அடுப்போடு ஒரு ரூம்.

மே 7, புதன்

நல்ல வெயில். மாப்பிள்ளை வீடு பார்த்தது.

பாவ்லோவின் அம்மா லூசியா. பேர் புதிதில்லை, கொடைக்கானல் கான்வென்டில் அதே பேரில் ஒரு சிஸ்டர் உண்டு. வீட்டுக்காரர் தவறிப் பல வருஷமாம். என் வயது, என் பருமன், என்னைப் போலவே சத்தமாகப் பேசுகிற பொம்பளை. பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மேஜை நிறையச் சாப்பாடு. நெத்திலி வறுவல், தக்காளி, ரொட்டி, ஏதோ பச்சைத் துவையல். வாசனைக்கு வயிறு இரைந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தேன். தண்ணீர் கணக்கில் வராது என்று நானே தீர்ப்பு.

ரூமுக்கு வந்து தயிர் சாதம்.

இந்தக் கை நனைக்கிற வழக்கத்தைச் சுகந்தி அவர்களிடம் சொல்லவே இல்லையாம். எப்படிச் சொல்லுவேன், சிரிப்பார்கள் என்கிறாள். சிரிக்கட்டுமே.

இதுவரை கண்ட குறைகள்:
- நிலம் இல்லை. கடலுக்கு ஏது பட்டா?
- வீடு முழுக்கப் படி. பிள்ளைத்தாய்ச்சி எப்படி ஏறுவாள்?
- பையன் வெயிலில் கருத்து, எங்கள் ஊர் ஆள் மாதிரியே இருக்கிறான். (இது குறையா? அடித்துவிடலாம்.)

மே 8, வியாழன்

பாவ்லோ படகில் கூட்டிப் போனான். கொண்டைஊசி வளைவிலெல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறவள் நான், கடல் என்ன பெரிய கடல் என்று ஏறினேன்.

இது யாருக்கும் தெரிய வேண்டாம். துறைமுகத்தைத் தாண்டவில்லை, வாந்தி. அவரைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்ததற்கு எங்கள் ஊர்ச் சாமி வேலப்பர் கொடுத்த கூலி.

பையன் பதறவில்லை. எஞ்சினை அணைத்தான். ஒரு எலுமிச்சையைக் கீறி என் மூக்கருகே பிடித்தான். மலை பஸ்ஸில் நாங்கள் கையில் வைத்துக்கொண்டு போவதும் இதைத்தானே! முகர்ந்தேன், நாக்கில் படாமல். பிறகு வாளியில் கடல் தண்ணீரை மொண்டு படகைக் கழுவினான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என் வீட்டுக்காரருக்கே முகம் சுளியும்.

சாயங்காலம் அவர் போன். பேத்துப்பாறைப் பக்கம் யானை இறங்கியிருக்கிறதாம், ஊன்ற ஆள் வரவில்லையாம். “சோலி கெடக்கு, வெரசா முடிவப் பாரு.” வாந்தி எடுத்ததைச் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

காலையில் மூடுபனி. கடலே தெரியவில்லை. ஜன்னலைத் திறந்ததும் ஊரில்தான் இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு.

ஊருக்குப் பின்னால் மேடேறிப் பார்த்தோம். படிப்படியாக வயல், கல் அடுக்கிய சுவர். அப்படியே எங்கள் ஊர். பாதிச் சுவர் சரிந்து முள் மண்டிக் கிடக்கிறது. இரண்டு படியில் மட்டும் எலுமிச்சை, சுத்தமாகக் களை எடுத்து. லூசியாவுடையதாம். மனசு இளகியது. உடனே இறுக்கிக்கொண்டேன். ஆனாலும் ‘நிலம் இல்லை’யை அடிக்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் மறுபடி அந்த வீடு. இன்று வெறும் உருளைக்கிழங்கு, அவித்தது, உப்புக்கூட இல்லை. என் வயிற்றுக்காகவாம். வேண்டாம் என்றேன். லூசியா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூக்கைச் சிந்துகிற சத்தம்.

திரும்பும்போது சுகந்தி பிடித்துக்கொண்டாள்.

“என்ன தப்புப் பண்ணினோம்னு அந்தம்மா என்னையக் கேக்குறாங்க. நீ பையனப் பாக்க வந்தியா, குத்தம் பாக்க வந்தியா?”

ரெண்டுக்கும்தான் என்றேன். அவள் விறுவிறுவென்று அந்த வீட்டுக்கே திரும்பி நடந்துவிட்டாள். கை நனைக்கிற வழக்கத்தையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம். சிரித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம்.

பையனிடம் குறையே இல்லை. அது படகிலேயே தெரிந்துவிட்டது. பிறகு என்ன? நான் ஒரு வாய் சாப்பிட்டால் இவள் இங்கேதான். பெற்றது ஒன்றே ஒன்று. கை நீள மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். குறை எழுதிப் பார்த்ததெல்லாம் சும்மா.

மே 10, சனி

வெயில். கிழிந்த உள்பாவாடை தைத்தேன். தையல் நேராக வரவில்லை.

பூண்டுக் குழம்பு வைத்தேன். பொடி, புளி, நல்லெண்ணெய் ஊரிலிருந்து கொண்டுவந்தது. பூண்டு இங்கே வாங்கியது. பூண்டா அது, வெங்காயத்துக்குத் தங்கச்சி.

இறக்கி வைக்கிற நேரம், கதவில் லூசியா. சர்ச்சுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. சுகந்தியிடம் ஏதோ சொன்னாள். இவள் என்னைப் பார்க்காமல் அதைத் தமிழில் சொன்னாள்.

“கை நனைக்க வந்திருக்காங்களாம். அவங்க பக்கத்துல சம்மதம்னு உனக்குத் தெரியணுமாம்.”

லூசியா நேரே குழாய்க்குப் போய்க் கையைக் கழுவினாள். துடைக்கவில்லை. சொட்டச் சொட்ட இரண்டு கையையும் என்னிடம் நீட்டிக் காட்டினாள். அந்த நனைப்பு இல்லை அம்மா என்று எப்படிச் சொல்வேன். தட்டைப் போட்டேன்.

கையால்தான் சாப்பிட்டாள். பாதி மேஜையில். காரத்தில் கண்ணில் தண்ணீர், ஆனாலும் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டாள். குழம்பில் வெந்த பூண்டை ஒவ்வொரு பல்லாகத் தேடித் தின்றாள். போகும்போது, பதிலுக்கு நான் சாப்பிட வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மே 11, ஞாயிறு

மேகம். பெட்டி கட்டியாயிற்று. மத்தியானம் சுகந்தியின் நகரத்துக்கு ரயில். வெள்ளனே குளித்துவிட்டுச் சொல்லிக்கொண்டு வர அந்த வீட்டுக்குப் போனோம்.

மேஜை துடைத்து வைத்த மேஜை. அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று லூசியா ஒன்றுமே சமைக்கவில்லை. தண்ணீர்கூட வைக்கவில்லை.

உட்கார்ந்தேன். பாவ்லோ தன் கைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். சுகந்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான், அழமாட்டாள், எதையாவது வெறிப்பாள். காய்ச்சலில் கிடந்தவளுக்கு நான்தானே ஊட்டினேன். இப்போதும் என்னிடமிருந்து ஒரு வாய்க்குத்தான் காத்திருக்கிறாள்.

“சுகந்தி, இந்த வீட்ல சாப்பிட ஒண்ணும் இல்லையான்னு கேளு.”

அவள் கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பாவ்லோ என்ன என்ன என்று எங்களை மாறி மாறிப் பார்க்கிறான். லூசியாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து ஓடினாள். வீட்டில் இருந்தது நேற்றைய ரொட்டி. அப்புறம் ஜாடியில் உப்பில் போட்ட நெத்திலி. வத்தலக்குண்டு சந்தைக் கருவாட்டுக்கு அக்கா. குழாயில் கையைக் கழுவினேன். துடைக்கவில்லை. லூசியாவிடம் காட்டினேன்.

சாப்பிட்டேன். அழுகைதான், மறைக்கவில்லை.

ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து அவருக்குப் போன். வயலில் இருந்தார். நனைச்சுட்டேன் என்றேன்.

“என்ன போட்டாங்க?”

பழைய ரொட்டியும் உப்பு மீனும் என்றேன்.

“விருந்து வச்சப்பல்லாம் வேணாம்னுட்டு, பழசுக்கா சம்மதிச்ச?”

ஆமா என்றேன். சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. எப்போதும் போனை வைப்பதற்கு முன்னால் கேட்பதைக் கேட்டார்.

“புள்ள சாப்பிட்டுச்சா?”

“இனிமே அவ அந்த வீட்லயே சாப்பிட்டுக்குவா.”