பத்தாவது சுண்டெலி

2006 ஜூன் 12, திங்கள்
காலையிலிருந்தே காற்று, தூறல். ரயில் லேட். எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகக் கோவை லேபில் நுழைந்ததும் பார்த்தால், மருந்து குடிக்கும் பத்துச் சுண்டெலிகளில் ஒன்று செத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு இருக்கும் அதே நரம்பு நோய் வரட்டும் என்று ஜீனை மாற்றிப் பிறக்கவைத்த எலிகள். பாவம்.

திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் செக்கிங் பார்த்தவள் நான். பண்டலில் ஒரு பீஸ் குறைந்தால் பக்கத்துப் பண்டலிலிருந்து உருவிச் சரிக்கட்டுவோம். இன்று கை தானாக அதையே செய்துவிட்டது. ஜீன் மாற்றாத எலிகளின் கூண்டிலிருந்து ஒன்றை எடுத்து இதில் விட்டேன். ஒரே நிறம், ஒரே அளவு. காதில் அடையாள ஓட்டை போடுவதும் நான்தான். செத்தது எரிக்கிற குப்பையோடு போயிற்று.

ஜூன் 14, புதன்
வாங்க: ரவை, சோப்பு, இவருக்குப் பட்டன் இல்லாத சட்டை.

காலையில் டம்ளரைத் தவறவிட்டார். பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர் இவர். இப்போது ஊசியில் நூல் கோக்க விரல் மடங்குவதில்லை.

"ஏங் கண்ணு, எலிக்கு நல்லாயிருச்சுன்னா அடுத்து நமக்குத்தானே?"

"ஆமாங்க."

தெருவெல்லாம் மெஷின் சத்தம். எனக்கு மட்டும் கூண்டுக் கம்பியை நகம் சுரண்டுகிற சத்தம்.

ஜூன் 16, வெள்ளி
சுழலும் உருளையில் எலிகளை ஓடவிடும் சோதனை. ஒன்று விழவே இல்லை. ஆராய்ச்சி பண்ணும் மேடம் குதிக்காத குறை.

"பாரும்மா, என்ன ஓட்டம் ஓடுது! மருந்து கேக்குது!"

இவருடைய நோய் மேடத்துக்குத் தெரியும்; அங்கேயே போன் போட்டு இவரிடமும் சொல்லிவிட்டார். நான் அந்த எலியைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

ஜூன் 17, சனி
கண்ணை மூடினால் அது ஓடுகிறது. ஓடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

சொன்னால் வேலை போகும். போகட்டும். சொல்லாவிட்டால், கேட்குமா கேட்காதா என்றே தெரியாத அந்த மருந்து ஒருநாள் இவர் உடம்புக்குள் போகும்.

ஜூன் 19, திங்கள்
சொல்லிவிட்டேன். மேடம் நோட்டில் அந்த எலியின் வரியை அடித்தார்.

"மத்த ஒம்பதும் எப்படீங்க மேடம்?"

"ஒண்ணுக்கும் மருந்து கேக்கலம்மா."

நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

திருப்பூர் ஸ்டேஷனில் இவர் காத்திருந்தார். காலை இழுத்து இழுத்து அவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்கிறார்.

"அந்த ஓடுற எலி எப்படி கண்ணு இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

பொய் இல்லை. அதற்கு நோயே இல்லை.