டேக் தொடங்கும் முன் உன் குரல்

மார்ச் 4, செவ்வாய்

சுண்டு, உன் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது.

இதை யாரிடம் சொல்வது? உன் அப்பாவிடம் உன் பேச்சையே எடுக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முகம் மறக்கவில்லை, போட்டோ இருக்கிறது. குரல்தான். லாண்டரி வேலையில் விரிப்பு மடிக்கும்போது, நீ ‘அம்மா’ என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். வார்த்தை வந்தது, குரல் வரவில்லை.

லாரி மோதியதில் உன் வண்டியோடு போனும் நொறுங்கிப் போய்விட்டது. என்னிடம் இருப்பது பட்டன் போன். பேசி முடித்தால் அதோடு சரி.

மார்ச் 6, வியாழன்

நீ கடைசியாக வேலை செய்த படத்தின் எடிட்டர் வந்தார். உன் சட்டையும் தண்ணீர் பாட்டிலும் எடிட்டிங் ரூமிலேயே கிடந்ததாம். கொடுத்துவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றார்.

“தினமும் அவ குரலக் கேட்டுதாம்மா எனக்கு வேலையே ஆரம்பிக்குது,” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பலகையைப் பிடித்து, எண் சொல்லி, கிளாப் அடிப்பாயே. வீட்டில் வெட்டுப்பலகையை வைத்துப் பழகினாயே, அதுதான். அதெல்லாம் பதிவாகியிருக்கிறதாம். படத்தில் வராது, வெட்டிவிடுவார்கள். ஆனால் வெட்டிய துண்டும் அவரிடம் இருக்கிறதாம்.

“எத்தன தடவ தம்பி சொல்லியிருக்கா?”

“படம் முழுக்க அவதாம்மா.”

படம் முழுக்க!

மார்ச் 10, திங்கள்

எடிட்டிங் ரூமுக்குப் போனேன். ஜன்னலே கிடையாது, குளிர் வேறு. வாசலில் இருந்த செக்யூரிட்டி எல்லார் போனிலும் கேமராவை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார். என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல கேமராவே இல்லையேம்மா, எங்க ஒட்டறது?” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. வந்த உடனே குற்றம் செய்ததுபோல் இருந்தது.

எடிட்டர் தம்பி ஒன்றைத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“கிளவுடுலேர்ந்து வரணும்மா, கொஞ்சம் இருங்க. இந்தப் பெட்டியில எல்லாத்தையும் வைக்க இடம் பத்தாது. அடிக்கடி தொடுறது மட்டும் இங்க இருக்கும். தொடாம விட்டா அதுவா கிளவுடுக்குப் போயிடும், எங்கயோ தூரத்துல பெரிய மெஷின்ல இருக்கும். இங்க பேரு மட்டும் நிக்கும்.”

“பேரு மட்டும் நின்னு என்ன பிரயோஜனம்?”

“கூப்பிட்டா திரும்பி வந்துடும்மா.”

கூப்பிட்டால் வருமாம். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தாய். முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பலகைக்கு மேலே கண் மட்டும் தெரிய. “சீன் நாப்பத்தொண்ணு, டேக் ரெண்டு.” டப்.

“நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க,” என்று காதைப் பொத்திக்கொண்டேன். உடனே நிறுத்திவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

ஏன் நிறுத்தச் சொன்னேன்?

மார்ச் 14, வெள்ளி

வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டேன். நீ வரும் துண்டுகளை எனக்குக் கொடுங்கள் தம்பி என்றேன்.

“என்னால முடியாதும்மா. படம் இன்னும் வெளிய வரல. ஒரு துண்டு வெளிய போனாலும் மெஷின் காட்டிக் குடுத்துடும், என் வேலை போயிடும். கம்பெனிதான் அனுமதி தரணும்.” பிறகு சொன்னார்: “கேக்கறதுன்னா சீக்கிரம் கேளுங்க. இந்த மாசக் கடைசியோட வேலை முடியுது. முடிஞ்ச படத்த மட்டும் வச்சுக்கிட்டு மத்தத எல்லாம் அழிச்சிடுவாங்க.”

அழித்துவிடுவார்கள். துணியில் கறை எடுக்கிற மாதிரி சொல்கிறார்.

மார்ச் 19, புதன்

கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அங்கே மேனேஜர் அம்மா நல்ல மாதிரிதான், ஆனால் பிடி கொடுக்கவில்லை. “இப்படி யாரும் எங்ககிட்ட கேட்டதே இல்லையே,” என்றார்.

“நான் கேக்கறேனேம்மா.”

“யோசிச்சு சொல்றோம்.”

யோசித்து முடிக்கட்டும் என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, “மெஷினுக்குள்ளேர்ந்து அவள எழுப்பிக் கூட்டிட்டு வரப் போறியா?” என்றார்.

“ஆமா,” என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 22, சனி

இன்றும் படிக்கட்டு. லாண்டரியில் அரை நாள் லீவு. “உங்களுக்கும் ஒரு அடையாள அட்டை அடிச்சுடலாம் போலிருக்கே,” என்றார் அங்கே வேலை செய்யும் பெண். அடித்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். எனக்கு என்ன மானம்?

மார்ச் 24, திங்கள்

மேனேஜர் அம்மா காலில் விழப் போனேன். பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, என்னம்மா இது! எழுந்திருங்க. எனக்கும் பொண்ணு இருக்கு. அவ பலகை பிடிக்கிற துண்டு மட்டும் எடுத்துக்கோங்க. எது எதுன்னு எடிட்டர் அந்தத் துண்டுங்களோட பேர எழுதி அனுப்பட்டும்.”

எடிட்டர் தம்பி சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேர் எழுதினார். நாளையிலிருந்து வேறு படத்துக்குப் போகிறாராம். அந்தத் தங்கமான பிள்ளை நன்றாக இருக்கணும்.

மார்ச் 27, வியாழன்

கிடைத்துவிட்டது சுண்டு! மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் சார், எழுதிக் கொடுத்ததை எல்லாம் கிளவுடிலிருந்து இறக்கி ஒரு சின்ன டிஸ்கில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் கைக்குட்டையில் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள், “நகையா அக்கா?” என்று கேட்டாள்.

போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும். மாடி வீட்டு டியூஷன் டீச்சர் அடுத்த ஞாயிறு லேப்டாப் தருகிறேன் என்றாள். ஆகட்டும். அவசரம் என்ன? இனி நீ என்னிடம்தானே இருக்கிறாய்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சத்தம் இல்லை.

டீச்சர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். அவளுடைய பாட்டு ஒன்றைப் போட்டாள், கேட்டது. உன்னைப் போட்டால் வாய் மட்டும் அசைகிறது. பலகை மூடுகிறது, டப் என்று வரவில்லை. ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தோம்.

ஏப்ரல் 7, திங்கள்

எடிட்டருக்குப் போன் செய்தேன். சத்தமே வரவில்லை என்றதும், விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

“அம்மா... கேமராவுல சத்தத்த அணைச்சு வச்சிருந்தோம். சத்தம் தனி மெஷின்ல பதிவாகும், வேற பேர்ல, வேற இடத்துல இருக்கும். என் ஸ்கிரீன்ல முதல் நாளே நான் ரெண்டையும் சேத்துட்டேன். சேந்தே பாத்துப் பாத்து... தனியா சத்தத்தோட பேர எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா.”

“இப்ப எழுதிக் குடுங்க தம்பி.”

“போன வாரமே அழிச்சுட்டாங்க. கேட்டுப் பாத்துட்டேன்.”

“உங்க பெட்டியில?”

“கிளவுடுல அழிச்சா பெட்டியிலயும் போயிடும்மா.”

“கூப்பிட்டா வரும்னீங்களே!”

அழுகிறார். அவர் அழுது எனக்கு என்ன ஆகப் போகுது? திட்டக்கூட வாய் வரல. பாவி, நான் ஒரே ஒரு தடவதான் கேட்டேன். அதையும் காதப் பொத்திக்கிட்டேனே. அவசரம் என்னன்னு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே. என் கண்ணு, என் ராசாத்தி, உன்ன ரெண்டாவது தடவயும் விட்டுட்டேனேடி.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

லேப்டாப்பை மறுபடியும் வாங்கி வந்தேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. நடந்ததை உன் அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

நீ வந்தாய். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சத்தத்த கூட்டு,” என்றார்.

நான் அசையவில்லை. கையை நீட்டி அவரே கூட்டினார். காதைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “சரி, அடுத்தத போடு,” என்றார்.

வரிசையாகப் பார்த்தோம். ஒன்றில் மட்டும் நீ கிளாப் அடித்துவிட்டு உடனே விலகவில்லை. கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்ற யாரையோ பார்த்து, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக் கழுத்தை வெட்டி ஏதோ சொல்கிறாய். சொல்லிவிட்டுக் குனிந்து குனிந்து சிரிக்கிறாய்.

உன் அப்பா திரும்பவும் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார்.

“உன்னத்தான் பண்ணிக் காட்டுறா. நிக்கறதப் பாரு, அப்படியே நீ!” என்று சிரித்தார். அப்படியே முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே உன் வாயைப் பார்த்தேன். சின்னதாக ஒரு பேச்சு. நான் தினமும் சொல்கிற ஏதோ ஒன்று.

சாப்பிட வா என்றா? வண்டியை மெதுவாக ஓட்டு என்றா? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக என் வாயில் வைத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் உன் உதட்டோடு ஒட்டவில்லை.

அப்படிச் சிரிக்கும்படி நான் என்னடி சொன்னேன், சுண்டு?