இரண்டாவது இடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இருமல் குறைந்ததா? பஸ் ஊழியர் சங்கத் தலைவர் தேர்தலில் நீ ஜெயிக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். ஓட்டுச் சீட்டில், போட்டியிடும் மூன்று பேரையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. உனக்குப் போட்டி டைம்கீப்பர் அம்மா மட்டும்தான். அவரைக் கடைசியில் தள்ளிவிட்டு, டிப்போவில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் தூங்குமூஞ்சி ஸ்டோர்காரரை இரண்டாவதாகப் போடச் சொல்லி, பதினோரு டிப்போவிலும் நம் ஆட்களிடம் பேசிவிட்டேன். ஸ்டோர்காரரைப் பற்றிக் கவலைப்படாதே. அவருக்கு அவரே ஓட்டுப் போடுவாரா என்பதே சந்தேகம்.

உன் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

இருமல் என்னை விடுவதாக இல்லை. இந்தக் குறுக்குப்புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? நிர்வாகம் காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம் என்று எங்கள் கண்டக்டர் வேலையை இரண்டாக உடைக்கப் பார்க்கிறது. சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது கதை. நானும் போடமாட்டேன், டைம்கீப்பரும் போடமாட்டாள். ஸ்டோர்காரர் எதை நீட்டினாலும் போடுவார். அவரவர் மனதில் பட்டபடி ஓட்டுப் போடட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிடு.

அக்கா

மார்ச் 22

அக்கா,

முடிவு தெரிந்திருக்கும். நீ சொல்லியும் நான் யாரையும் தடுக்கவில்லை. அந்தப் பக்கமும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள்; உன்னைக் கடைசியில் தள்ளினார்கள். ஸ்டோர்காரருக்கு முதலிடம் தந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் அள்ளிக் கொடுத்த இரண்டாவது இடத்திலேயே மனுஷன் ஜெயித்துவிட்டார். அறிவித்தபோது, "நானா? எதுக்கு?" என்று கேட்டாராம். தப்பு என்னுடையதுதான். இரண்டு வரியாவது எழுது.

தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

கோபத்தில் எழுதாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். ஸ்டோர்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலை பத்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால், மூன்று மணிவரை டிப்போ பெஞ்சில் கிடக்கிறோம். வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது.

நேற்று டைம்கீப்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க ஆளுங்க சொன்னத நான் கேக்கல. உன்னத்தான் ரெண்டாவதா போட்டேன். நான் வரலேன்னா நீயாவது வரணும்ல?" என்றாள். நான் எப்படிப் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்கிறேன். அவளைக் கடைசியில்தான் போட்டேன். உன்னைத் திட்டி எழுதிய அதே கையால்தான். சீட்டை மடித்தபோது கொஞ்சம்கூட கூசவில்லை, இப்போது கூசுகிறது. உன்னைச் சொன்னதற்கெல்லாம் மன்னித்துவிடு. இன்றைக்கு அவள் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். நான் பார்க்காததுபோல் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

அக்கா