கருப்பியின் பதின்மூன்று முட்டைகள்

நாள் 201 — 06:40

கோழித்தளம். பதிவு எழுதுபவர்: பாவாயி, கால்நடை மருத்துவர், சொந்த ஊர் நாமக்கல். வெளியே ஒன்பது டிகிரி. காற்று மெலிவு, மூச்சுக்குப் பரவாயில்லை. பெட்டைகள் பதினொன்று, சேவல் ஒன்று. தீவனம் சரி. தண்ணீர் சரி. வேலியில் மின்சாரம் வழக்கம்போல் பாதிதான்.

இதை எடுத்துப் படிக்கப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் ஒருமுறை விளக்கிவிடுகிறேன். இந்தக் கோளில் என்னை விட்டால் மனிதர்கள் இருப்பது பெருந்தளத்தில் மட்டும். இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். பூமியிலிருந்து வந்த கோழியை நோய்க்குப் பயந்து அங்கே விடமாட்டார்கள். இங்கேயே பொரித்த குஞ்சு என்றால் விடுவார்களாம். அங்கே பதினேழு குழந்தைகள் இருக்கிறார்கள், ஒன்றுகூட முட்டை தின்றதில்லை. பிறந்ததிலிருந்து பொட்டலக் கூழ். நாள் 230-க்குள் ஒரு ஈடு குஞ்சு பொரிக்காவிட்டால் இந்தத் தளத்தை மூடிவிட்டுக் கோழிகளைச் சமையலறைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. மூன்று வருடம் மனுப் போட்டு வாங்கி வந்த கோழிகள் இவை.

நாள் 203 — 12:20

பெட்டைகள் பத்து. செவலை ஒன்றைத் தூக்கிப் போய்விட்டது.

செவலை என்பது நான் வைத்த பெயர். இந்தக் கோளின் பிராணி. மரநாய் அளவு, செம்மண் நிறம், காது கிடையாது. பட்டப்பகலில் வருகிறது. கீரி, பருந்து, காட்டுப்பூனை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியவள் நான். அவற்றுக்காவது ஆளைக் கண்டால் ஒரு பயம் இருக்கும். இது என்னை நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

செயற்கைக்கோள் நண்பகலில் பத்து நிமிடம் தலைக்கு மேல் வரும். அப்போதுதான் பெருந்தளத்தோடு பேச முடியும். அங்கே வானொலியில் இருப்பவன் எட்வின், திருநெல்வேலிக்காரன். பதிவிலிருந்து:

"யக்கா, கம்பிவலை ஸ்டோர்ல இல்லைன்னு எத்தன வாட்டி சொல்லுதேன். பிளாஸ்டிக் வலைதான் இருக்கு, அத வச்சி ஒப்பேத்துங்க."

"ஏந் தம்பி, அந்த வலையில கொசுகூட மாட்டாது. உன்ற ஸ்டோர்க்காரன ஒரு நாளைக்கு இங்க வந்து காவலுக்கு நிக்கச் சொல்லு. அப்பறம் டார்ச் கேட்டு நாப்பது நாளாச்சு. முட்டைய வெளிச்சத்துல பார்க்காம நான் என்னத்தக் கண்டு அடை வெக்கிறது?"

"புகாரா எழுதிக்கிடுதேன்க்கா."

எழுதிக்கொள்வான். எழுதுவதில் குறையே வைத்ததில்லை.

நாள் 204 — 07:15

கருப்பி அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாகக் கூட்டைவிட்டு எழாமல் கொர் கொர் என்று கொத்த வருகிறாள். இதற்குத்தான் காத்திருந்தேன்.

கூடையில் பதின்மூன்று முட்டை வைத்தேன். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காரணம் கேட்டால் என்னிடம் கிடையாது, இரட்டைப்படையில் வைக்கக் கை வராது, அவ்வளவுதான். ஒவ்வொரு முட்டையிலும் கரிக்கட்டியால் ஒரு கோடு இழுத்தேன். இதற்குக் காரணம் உண்டு. வேறு பெட்டை புகுந்து புதிதாக இட்டால் கோடில்லாத முட்டை காட்டிக்கொடுத்துவிடும். நாள் 225-ல் பொரிக்கும். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால்.

நாள் 209 — 12:50

நாசமாய்ப் போக. பிளாஸ்டிக் வலையைக் கடித்துக்கூட இல்லை, விரித்துவிட்டு நுழைந்திருக்கிறது. பெட்டைகள் ஒன்பது.

மண்வெட்டியோடு ஓடினேன். அடைக்கூடை இருக்கும் அறையிலிருந்து வெளியே வந்தது. அதன் முதுகில் கட்டம் கட்டமாகக் கோடுகள். போனவாரம் வெறும் செம்மண் நிறம், இப்போது வலையின் அச்சு அப்படியே. எதன் பக்கத்தில் கிடக்கிறதோ அதைப்போல் தோலை மாற்றிக்கொள்கிறது போலும். பச்சோந்தி வேலை. குறித்துவைக்கிறேன்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடையைப் பார்த்தேன். கருப்பி உட்கார்ந்திருந்தாள். அடியில் முட்டை பதின்மூன்று, எல்லாவற்றிலும் கரிக்கோடு. ஒன்றைக்கூடத் தொடவில்லை. கருப்பி கொத்தி விரட்டியிருக்க வேண்டும். அவளுக்கு இன்று ஒரு பிடி தீவனம் கூடுதல்.

நாள் 212 — 12:40

மறுபடி வந்தது. மறுபடி அடையறையிலிருந்துதான் வெளியே வந்தது. ஆனால் வெறும் வாயோடு. வேலிக்கு மின்சாரம் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

முட்டையை எண்ணினேன். பதினான்கு. திரும்ப எண்ணினேன். பதினான்கு, எல்லாவற்றிலும் கோடு. அன்றைக்கு வைக்கும்போதே தப்பாக எண்ணியிருக்கிறேன். மெலிந்த காற்று மூளையைத் தின்கிறது.

இரட்டைப்படையை விட்டுவைக்க மனம் கேட்கவில்லை. கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து உடைத்தேன். எட்டு நாள் கரு, நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. டார்ச் இருந்திருந்தால் கூமுட்டையாகப் பார்த்து எடுத்திருப்பேன். நல்ல முட்டையைக் கொன்றுவிட்டேன். அதற்கும் சேர்த்து எட்வினைத் திட்டினேன். பாவம், அவன் என்ன செய்வான்.

நாள் 216 — 12:10

"யக்கா, கோவப்படாம கேளுங்க. ஒரு மாசத்துல நாப்பத்தோரு புகார். கமிட்டில எனக்குல்லா ஏச்சு விழுது. இனி உங்க செய்தில செவலைன்னோ வலைன்னோ வந்துச்சின்னா அது தானா புகார்ப் பெட்டிக்குப் போயிரும். திங்கக்கிழமை கமிட்டி மொத்தமா கேக்கும். மத்தபடி நீங்க எப்பவும்போல எங்கிட்ட பேசலாம்."

"செவலையும் வலையும் இல்லாம நான் உங்கிட்ட என்ன பேசறது? மழை பெஞ்சுதா, சோறு ஆச்சான்னு கேக்கறதா?"

"கேளுங்களேன். ஒரு நாளாவது கேட்டிருக்கியளா?"

கேட்டதில்லை. அவனுக்கு ஐந்து வயதில் கிருபா என்று ஒரு மகள் இருப்பதே இன்றுதான் தெரியும். கோழிக்குஞ்சுப் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாளாம். இந்தப் பாழாய்ப்போன வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

நாள் 225 — 09:30

பதின்மூன்றும் பொரித்துவிட்டது.

முப்பது வருடத்தில் வைத்த முட்டை அத்தனையும் பொரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு மூன்று கூமுட்டை போகும், ஒன்று ஓட்டுக்குள்ளேயே சாகும். இங்கே பதின்மூன்றும் மஞ்சள் பந்தாக வந்து நிற்கின்றன. அழுதேன். வெட்கப்படவில்லை.

இன்னும் தீவனத்தைத் தொடவில்லை, தண்ணீரையும் தொடவில்லை. கவலையில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே போதும். சூட்டைத்தான் தேடுகின்றன, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கருப்பியின் அடியில் போய்ப் புகுந்துகொள்கின்றன.

நாள் 227 — 12:08

ட்ரோன் வந்தது. ஏழு குஞ்சை அனுப்பிவிட்டேன், ஆறு இங்கே. வாய் தவறிக்கூடச் செவலை என்று சொல்லவில்லை, அதனால் எட்வினோடு நேராகப் பேச முடிந்தது.

"யக்கா, கிருபா ராத்திரியே எனக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டா. எப்படிப் பாத்துக்கிடணும், சொல்லுங்க."

"சூடுதான் கண்ணு முக்கியம். ராத்திரி குளிரும், சட்டைக்குள்ள விட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்லு. அம்மாக்காரியாட்ட இருந்தாப் போதும், தானா வளந்துக்கும்."

நாள் 228 — 17:00

செவலையைக் காணவே இல்லை. வேலியோரம் காத்திருந்து அலுத்துப்போனேன்.

கருப்பி நேற்றிலிருந்து எழவில்லை. தீவனத்தைப் பக்கத்தில் வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கையை விரித்து ஆறையும் மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கண் மட்டும் பாதி திறந்திருக்கிறது. இவ்வளவு நல்ல தாய்க்கோழி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

நாள் 229 — 11:15

கூடையைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஓடுகளைக் கழுவி நொறுக்கிக் கோழிகளுக்கே போடலாம் என்று எடுத்தேன்.

கரிக்கோடு தண்ணீர் பட்டதும் அழிய வேண்டும். மூன்று ஓட்டில் அழிந்தது. மற்றதில் அழியவில்லை. தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். கோடு ஓட்டின் உள்பக்கம்வரை போயிருக்கிறது. நான் போட்ட கோடு இல்லை. ஓடு உருவாகும்போதே அதோடு சேர்ந்து வந்த கோடு.

பத்து ஓடு. வலையைப் பார்த்து முதுகில் கட்டம் போட்டுக்கொண்டது போலவே முட்டையைப் பார்த்து முட்டை போட்டிருக்கிறது. கோழி முட்டையைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்திருக்கிறது. ஒருமுறை தூக்க மறந்தது. அன்றைக்கு இரட்டைப்படை ஆகாது என்று அதன் வேலையை நான் செய்து கொடுத்தேன்.

11:32

கருப்பியைத் தூக்கினேன். கனமே இல்லை. தலை, இறக்கை, முதுகு எல்லாம் இருக்கிறது. அடியில் நெஞ்சும் இல்லை, வயிறும் இல்லை. ரத்தம் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இதயம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஐந்தும் சுருண்டு தூங்குகின்றன. ஆறாவதுதான் நிஜக்குஞ்சு, அதன் கால் இரண்டு மட்டும் கிடக்கின்றன.

அவள் கத்தவில்லை. நான் நாலு அடி தள்ளித்தான் இருந்தேன், ஒரு சத்தம் கேட்கவில்லை. கடிக்கும்போது மரத்துப்போக ஏதோ விடுகின்றன. தூங்கவைத்துவிட்டுத் தின்கின்றன.

ஐந்தையும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

நிஜக்குஞ்சு மூன்றுதான். ஒன்று இங்கே செத்தது. பெருந்தளத்துக்குப் போன ஏழில் கோழி இரண்டு.

12:01

செயற்கைக்கோள் வந்துவிட்டது. அனுப்பினேன்:

"எட்வின், அது குஞ்சு இல்ல, செவலை, செவலையோட குட்டி, பிள்ளைககிட்ட இருந்து பிடுங்கு, இப்பவே பிடுங்கு தம்பி"

பதில்: "உங்கள் புகார் எண் 42 பதிவு செய்யப்பட்டது. திங்கட்கிழமை பரிசீலிக்கப்படும்."

இன்று வியாழன்.

12:04

அந்தச் சொல் இல்லாமல் மறுபடி அனுப்பினேன். "குஞ்சுகளைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துவிடு, கொன்றுபோடு, காரணம் பிறகு" என்று நிதானமாக, அட்சரம் பிசகாமல்.

பதில்: "அதே அனுப்புநரின் தொடர் செய்தி. புகார் எண் 42-உடன் சேர்க்கப்பட்டது."

12:06

மழை பெய்ததா என்று கேட்டேன். சோறு ஆச்சா என்று கேட்டேன். பாவாயி பேசுகிறேன், தயவுசெய்து எடு தம்பி என்றேன்.

"புகார் எண் 42-உடன் சேர்க்கப்பட்டது."

12:09

எட்வினிடமிருந்து ஒரு பதிவு வந்து விழுந்தது. காலையில் பேசி வைத்தது.

"யக்கா, வேலையா இருப்பிய, பொறவு கேளுங்க. நீங்க சொன்ன மாதிரியே சட்டைக்குள்ள விட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கா. அவ பொறந்ததுலருந்து ராத்திரி முழுக்கத் தூங்குனதே இல்ல. நேத்து படுத்தவ இன்னும் எந்திரிக்கல, அசையக்கூட இல்ல. அவ்வளவு நல்ல தூக்கம். எழுப்ப மனசு வரல, நான் ட்யூட்டிக்கு வந்துட்டேன். ரொம்ப நன்றிக்கா."

12:10. செயற்கைக்கோள் போய்விட்டது. இனி நாளை நண்பகல்.

12:25

நடக்கிறேன். தண்ணீர் ஆறு லிட்டர், மண்வெட்டி, இந்தக் குறிப்பு. தொண்ணூறு கிலோமீட்டர். இந்தக் காற்றில் முடியாது என்று எனக்கே தெரியும். கோழிகளைத் திறந்துவிட்டேன்.

வழியில் என்னோடு சேர்ந்து இது கிடந்தால், எடுத்தவர் பெருந்தளத்துக்காரராக இருந்தால், என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்

ஓடிப்போய் முதலில் பிள்ளையை எழுப்பிப் பாருங்கள்