அத்தான் மூடி வைத்த திருகு

பாசத்துக்கும் சந்தேகத்துக்கும் உரிய அத்தானுக்கு,

வருகிற ஆடியோடு நீங்கள் போய் ஒரு வருடம். முச்சந்தியில் உங்கள் படம் போட்டுப் பேனர் வைக்கலாம் என்றுதான் இருந்தேன். நாலு வரிக்கு மேல் இடமில்லை என்றார் பேனர்காரர். உங்களிடம் எனக்குக் கேட்க வேண்டியதெல்லாம் நாலு வரியில் அடங்குமா? அதனால் இதை நோட்டீஸாக அடித்து, திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கப்போகிறேன். நான் அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன். பிழை இருந்தால் அங்கிருந்தபடியே திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி. நீங்கள் நிஜமாகவே போய்விட்டீர்களா?

கோபப்படாதீர்கள். உங்கள் வெள்ளைக் கார்தான் இப்படிக் கேட்க வைத்தது.

உங்கள் மகள் கயல் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பூவத்திலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நம் கோட்டுச்சேரிமேட்டுக்கு ஆட்டோவைக் கூப்பிட்டால், அவர் டீ குடித்து, பேப்பர் பார்த்து, அதற்குப் பிறகு கிளம்புவார். வலி வந்தவளை வைத்துக்கொண்டு அதுவரை என்ன செய்வது? அக்கா ஒரே பிடிவாதமாக நின்றாள்.

"அவ அப்பா வண்டியிலதாண்டா என் மவ ஆஸ்பத்திரிக்குப் போவணும். வலி வந்தா ஒரே சாவியில வண்டி எடுக்கணும். நீதான் பாத்துக் குடுக்கணும்."

மீன்பிடித் தடைக்காலம். போட்டும் கரையில் கிடந்தது, நானும் கரையில் கிடந்தேன். சரியென்று தலையாட்டினேன்.

கொட்டகையில் நின்ற காருக்குப் புதுப் பேட்டரி போட்டுச் சாவியைத் திருகினேன். இருமுகிறது, எடுக்க மாட்டேன் என்கிறது. சோக்கை இழுத்தால் ஒரு தும்மல். விட்டால் அதுவும் அடங்கிவிடும்.

முதலில் பெட்ரோல் மேல் சந்தேகப்பட்டேன். கடலில் ஓடுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? போட்டு எஞ்சின் எடுக்கவில்லையென்றால் டீசலில் தண்ணீர், இல்லாவிட்டால் குழாயில் காற்று. காரும் அப்படித்தான் என்று டேங்கைக் காலி செய்தேன், குழாயைக் கழற்றி ஊதினேன். நம் பக்கம் விலை குறைவென்று அடுத்த மாநிலத்து வண்டியெல்லாம் எல்லை தாண்டி வந்து நிற்கிற பங்க்கில் நானும் கேனோடு போய் நின்றேன். கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். பெட்ரோல் போட்ட பெண், "என்னண்ணே, தேனா வாங்குறீங்க?" என்றாள். வரிசையே சிரித்தது. பெட்ரோல் நல்ல பெட்ரோல்தான். கார் எடுக்கவில்லை.

அப்புறம் மெக்கானிக் பக்கிரியைக் கூட்டிவந்தேன். கார்புரேட்டரில் ஒரு திருகு இருக்கிறதே, எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலந்து போகவேண்டும் என்று வைக்கிற திருகு, அது முழுசாக மூடிக் கிடந்தது. "இப்புடி இருந்தா பெட்ரோல் எப்புடிண்ணே போவும்?" என்றபடி ஒன்றரைச் சுற்றுத் திறந்தான். காதைச் சாய்த்துக் கேட்டான். இன்னும் ஒரு இழை திறந்தான். ஒரே சாவி. பூனை உறுமுகிற மாதிரி ஓடியது உங்கள் கார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சாவியைப் போட்டால் பழைய இருமல்.

பக்கிரி வந்தான், திறந்தான், ஓடியது. விடிந்தால் திரும்பவும் மூடியிருக்கிறது. எனக்கு அவன் மேல் சந்தேகம் விழுந்தது.

"யாரோ கை வைக்கிறாங்கண்ணே," என்றான் பக்கிரி.

"வேற யாரு? நீதான். எங்க அக்கா கையால மீன் கொழம்பு திங்குறதுக்குன்னே மூடிட்டு மூடிட்டு வர்றே."

"மீன் கொழம்பா? இந்தத் தடைக்காலத்துல ஒங்க வீட்டுல எனக்குக் கெடைச்சது கருவாடு. அந்தக் கருவாட்டுக்கா நான் இம்புட்டுத் தூரம் வர்றேன்?"

நியாயமாகத்தான் பட்டது. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். திருகுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி, நகப்பாலீஷில் வைத்தது. காலையில் பார்க்கும்போதெல்லாம் திருகின் வெட்டு அந்தப் புள்ளிக்கு நேராகவே நிற்கிறது. அவ்வளவு சுத்தமான வேலை இந்த ஊரில் உங்களைத் தவிர யாருக்கு வரும்? இப்போது சொல்லுங்கள், அந்தக் கேள்வியைக் கேட்டது தப்பா?

ஆவியானாலும் சோதிக்காமல் விடக்கூடாது என்று, திருகின் தலைமேல் கொடுவா மீன் செதில் ஒன்றை ஒட்டி வைத்தேன். காலையில் செதில் கீழே கிடந்தது. ஆவிக்குச் செதிலைத் தட்டிவிடுகிற விரல் இருக்குமா? இருக்காது என்று தைரியம் வந்தது. அன்று சாயந்திரம் கொட்டகையில் குவித்திருந்த வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா உங்கள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தாள். பானெட்டைத் தூக்கினாள். இடுப்பில் செருகியிருந்த திருப்புளியை எடுத்தாள். "ஏங்க, இன்னைக்கும் தொறந்து போட்டுட்டுப் போயிட்டான் பாருங்க," என்று உங்களிடம் என்னைப் பற்றிக் கோள் வேறு.

"அக்கா!"

திருப்புளி எஞ்சினுக்குள் விழுந்தது.

"அட எருமை! உசுரே போயிருச்சு. வலைக்குள்ள மாட்டுன கடம்பா மீனு மாரி என்னடா பண்றே?"

"நீ என்ன பண்றே? மொதல்ல அதச் சொல்லு."

"ஒங்க அத்தான் செஞ்சதச் செய்யிறேன். வண்டிய நிறுத்துனா, இதப் புள்ளிக்கு நேரா மூடி வச்சிட்டுத்தான் மனுசன் சோத்துக்கே உக்காருவாரு. அப்பத்தான் எஞ்சின் தூங்கும்பாரு. நீயும் பக்கிரியும் தொறந்து தொறந்து போட்டுட்டுப் போறீங்க. அவரு இல்லன்னா அவரு வண்டிய பாத்துக்க ஆளில்லையா?"

"மூடிட்டா பெட்ரோல் போவாதுக்கா. வண்டி எப்புடி எடுக்கும்?"

"அவருக்கு மட்டும் எடுத்துச்சே?"

அந்த இடத்தில்தான் அத்தான், எனக்கு எல்லாம் விளங்கியது.

காலையில் வண்டி எடுக்குமுன் "தள்ளி நில்லு மச்சான், பேட்டரி வயரு லூசா இருக்கு" என்று பானெட்டைத் தூக்கிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பீர்களே. வயரையா பார்த்தீர்கள்? திருகையல்லவா திறந்தீர்கள்! அப்புறம் ஒரே சாவி. நான் வந்து கார் கேட்டால் மட்டும், "தாராளமா எடுத்துக்க மச்சான்" என்று சாவியை முகம் மலரத் தூக்கிப் போடுவீர்கள். நான் முறுக்கி முறுக்கிக் கை வலித்து, சைக்கிளில் போவேன். "அது கைராசிடா. அந்த வண்டி என் கைக்குத்தான் எடுக்கும்" என்பீர்கள். நம்பினேனே! அந்தக் கைராசி எனக்கும் வரட்டும் என்று முன்னால் எலுமிச்சம்பழம்கூடக் கட்டிவிட்டேனே! எல்லாம் நான் ஒரே ஒரு தடவை காரில் ஏற்றிய நண்டுக்கூடைக்காகவா? பின்சீட்டுக்கு அடியில் ஒரு நண்டு நழுவிப் போய்விட்டது, உண்மைதான். வாடை போக நாளானதும் உண்மைதான். அதற்கு ஆயுள் தண்டனையா?

அக்காவிடம் சொன்னேன். காரின் மேல் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஒன்னய கடைசி வரைக்கும் நம்பலடா அவரு!" சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"என்னையும் நம்பல பாரு. எஞ்சின் தூங்குதுன்னு எங்கிட்டயே சொல்லிருக்காரு."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இல்லை, பார்க்காததே நல்லது. நான் சட்டென்று, "ஒன்னய நம்பாமயா? ஒங்கிட்ட சொன்னா நீ எனக்குச் சொல்லிருவே. தம்பின்னா ஒனக்கு வாய் நிக்காது. அதுக்குத்தான்," என்றேன்.

எஞ்சினுக்குள் விழுந்த திருப்புளியைத் துழாவி எடுத்தாள் அக்கா. "அதுவும் சரிதான்," என்றாள்.

நான் சொன்னது சரிதானா அத்தான்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அக்கா திருகைத் திறந்தே வைத்திருப்பாள் என்று பார்த்தீர்களா? நீங்கள் பழக்கிய கையாயிற்றே. ஒரு நாள் முற்பகலில் கயல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு "மாமா..." என்றாள். நான் ஓடிப்போய்ச் சீட்டில் உட்கார்ந்தேன். "இருடா," என்று அக்கா பானெட்டைத் தூக்கினாள். ஒன்றரைச் சுற்று. அதற்குமேல் ஒரு இழை. பக்கிரியைப் போலவே காதைச் சாய்த்துக்கொண்டு, "ம், போடு," என்றாள். கருவாட்டையும் கைராசியையும் எல்லாத் தெய்வத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சாவியைத் திருகினேன்.

ஒரே சாவி, அத்தான். என் கையால்.

பேத்தி பிறந்திருக்கிறாள். துணியில் சுற்றிக்கொண்டு வந்து காட்டியபோது ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உங்கள் பேத்திதான். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

தடைக்காலம் முடிந்து போட்டு இறங்கிவிட்டது. முந்தாநாள் அக்காவிடம் போய்க் காரைக் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கடா," என்று சாவியைத் தூக்கிப் போட்டாள். சாவியைப் போட்டால் பழைய இருமல். பானெட்டைத் திறந்தேன். திருகு மூடியிருந்தது. பக்கத்தில் உங்கள் புள்ளியின் மேல் புதுப் பாலீஷ் பளபளத்தது. அது மட்டுமா? நான் இந்த நோட்டீஸ் அடிக்கப்போவது தெரிந்து, படிக்கிறவர்கள் திருகைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, எஞ்சின் முழுக்க, பேட்டரி மூடியில்கூட, கண்ட இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். அம்மை போட்ட மாதிரி நிற்கிறது உங்கள் கார். திரும்பிப் பார்த்தால், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் அக்கா.

"கைராசிடா," என்று சிரித்தாள்.

எத்தனை மாதத்துக்குப் பிறகு, பாதியில் நிற்காத அந்தச் சிரிப்பு! அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சரியான திருகு எதுவென்று எனக்குத் தெரியும். ஆனாலும் தொடமாட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி சாவியை முறுக்குவேன், பெட்ரோலைத் திட்டுவேன், பக்கிரியைத் திட்டுவேன். அக்கா சிரித்து முடித்து, எழுந்துவந்து, தன் கையால் திறந்துவிடும்வரை காத்திருப்பேன். நண்டு விஷயத்தில் மட்டும் என்னிடம் சத்தியம் கேட்காதீர்கள்.

நீங்கள் கடைசி வரை நம்பாத, உங்களைக் கடைசி வரை நம்பிய மச்சினன்,
செல்வராசு
கோட்டுச்சேரிமேடு