பாதி சொன்ன சாட்சி

நேற்று மதியம் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய வேதாகமத்தை எடுத்துத் தூசி தட்டியபோது அதற்குள்ளிருந்து ஒரு வட்டக் காகிதம் விழுந்தது. நம் மருந்துக் கம்பெனி லேபில், நீராவியில் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவ் ஓடும்போது சூட்டைக் கோடாக வரைந்து காட்டுமே, அந்தச் சார்ட். அளவு மாறி வந்துவிட்டது என்று ஒதுக்கிப் போட்ட கட்டிலிருந்து ஒன்றை உருவி, அதன் பின்பக்கத்தில் அல்லாஹ்வின் தொண்ணூற்றொன்பது பெயர்களையும் நீ எனக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாய். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிற எழுத்து. படிக்க வேண்டுமென்றால் காகிதத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில், சார்ட்டை மாட்டுகிற ஓட்டைக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் என் கையெழுத்து: 'இதில் அப்பா எங்கே?'

நாங்கள் கடவுளை அப்பா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு வெட்கமாக இருந்தது. நீ மெனக்கெட்டு எழுதிக் கொடுத்ததை நான் பரீட்சைப் பேப்பர் மாதிரித் திருத்தியிருக்கிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு ஒன்று அதற்கும் ஆறு வருஷம் முன்பே பாக்கி. இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றினாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜீடிமெட்லா கம்பெனிப் பேருந்தில் முதல் நாள் நீ ஏறியது நன்றாக நினைவிருக்கிறது. குகட்பள்ளியில் ஏறி, காலியாக இருந்த என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, போனில் உன் உம்மாவிடம் மேலப்பாளையத்துத் தமிழில் விடாமல் பேசிக்கொண்டு வந்தாய். நான் செகந்திராபாத்தில் பிறந்தவள். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் தமிழில் பாதி உருது, கால்வாசி தெலுங்கு. நான் உன்னையே பார்ப்பதைக் கவனித்து, "என்ன பாக்குதீக?" என்றாய். "குச் நை, ஒண்ணுமில்ல, தமிழ் கேட்டு நாளாச்சு," என்றேன். நீ சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் வாரமே என்னை 'ஏட்டி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். என் அம்மாகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்று முதலில் கோபம் வந்தது. பிறகு நீ 'மேடம்' என்றால்தான் கோபம் வந்தது.

கடவுளைப் பற்றிய பேச்சை ஆரம்பித்தது நான்தான். ஞாயிறு பள்ளியில் இருபது வருஷம் பாடம் நடத்தியவள், வாய் சும்மா இருக்குமா? நீ மதிய லுஹர் தொழுகைக்கு, கிருமி வளர்க்கிற மீடியா பொடிகளை வைக்கும் மீடியா ஸ்டோர் மூலையில் பாயை விரிப்பாய். நான் வாசலில் நின்று, யாராவது வந்தால் உள்ளே ஸ்டாக் எடுக்கிறோம் என்று சொல்வேன். பொய் சொல்லி உன் தொழுகைக்குக் காவல் நிற்கிற கிறிஸ்தவச்சி என்று நீ கேலி செய்வாய். நீ பாயைச் சுருட்டியதும் நான் தொடங்கிவிடுவேன். கடவுள் ஒருவர்தான், ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்கிறார் என்று விளக்கியே தீருவது என்று நின்றேன். ஐஸ், தண்ணீர், நீராவி என்று பிள்ளைகளுக்குச் சொல்வதையே உனக்கும் சொன்னேன். "மூணும் ஒரே பாத்திரத்துல ஒரே நேரத்துல இருக்குமாட்டி?" என்று கேட்டாய். நான் விடுவேனா? உறைய வைத்து உலர்த்துகிற பிரிவுக்குப் போய் அங்கிருந்தவரைப் பிடித்துக் கேட்டேன். குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தில், குறிப்பிட்ட ஒரு சூட்டில் மூன்றும் சேர்ந்தே இருக்கும் என்றார். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "அப்ப உன் சாமிக்கும் பிரஷர் செட் பண்ணணுமாட்டி?" என்று கேட்டாய்.

அப்படிப் பேசிப் பேசித்தான் உன் கடவுள் எனக்குக் கொஞ்சம் புரிந்தார். அவருக்குப் பெற்றவர் இல்லை, பிள்ளை இல்லை, அவரைப் போல் யாரும் இல்லை. படம் கிடையாது, உருவம் கிடையாது. மனிதனாகப் பிறந்து பசித்து, அடிபட்டு, சாக வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. எனக்கோ அந்தப் பிறப்பும் அடியும் சாவும்தான் எல்லாம். இறங்கி வராத கடவுளை எப்படி நெருங்குவது என்று கேட்டேன். அவன் எங்கே தூரத்தில் இருந்தான் இறங்கி வருவதற்கு என்று நீ கேட்டாய். இயேசுவை ஈசா நபி என்று நீங்களும் மதிக்கிறீர்கள், மரியம் அம்மாவின் பெயரை உன் சின்ன மகளுக்கே வைத்திருக்கிறாய், அப்புறம் ஒரே ஒரு படி ஏறினால் என்ன என்று நான் மல்லுக்கு நிற்பேன். அந்த ஒரு படிதான் எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற மொத்தமும் என்பாய். பதினான்கு வருஷம் இப்படியே போனது. நாம் ஒருவரையொருவர் ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

பிறகு உன் மகன் போனான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், டெங்கு, நான்கே நாள். கிறிஸ்துமஸ் கேக்கில் செர்ரி வைத்த துண்டாகப் பார்த்து எடுப்பான். நாம் தமிழில் கேட்டால் அவன் தெலுங்கில் பதில் சொல்வான். மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் புளியங்கொட்டையைக் குவித்து, பெண்கள் ஒவ்வொன்றாக நகர்த்தி ஓதிக்கொண்டிருந்தார்கள். நீ சுவரோரம் உட்கார்ந்திருந்தாய். உன் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வருகிறவர்களிடமெல்லாம், "அவன் குடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான்," என்று ஒரே குரலில் சொன்னாய். எனக்கு அது தாங்கவில்லை. நீ உள்ளே உறைந்துபோயிருக்கிறாய், உன்னை யாராவது உடைத்து அழ வைக்க வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்ததிலேயே பெரிய ஆறுதல் எதுவோ அதை எடுத்தேன்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வலி ஆண்டவருக்குத் தெரியும்டி. அவரும் மகனை இழந்தவர்தான்," என்றேன்.

புளியங்கொட்டை நகரும் சத்தம் நின்றது. உன் நாத்தனார் தலையைத் தூக்கிப் பார்த்தார். நீ கையை மெல்ல உருவிக்கொண்டாய்.

"அவனும் என்னய மாதிரிப் புள்ளயப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கவன்னா, நான் யாருகிட்டட்டி போய் நிக்கது?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். பிள்ளையைப் புதைத்து மூன்று நாள் ஆன தாய் கேட்ட கேள்வி அது. எனக்கோ அது மீடியா ஸ்டோர் மூலையில் கேட்ட கேள்வி மாதிரி ஒலித்தது. பதில் சொல்லாமல் விட்டால் தோற்றுவிடுவேன் என்று பட்டது போலிருக்கிறது. "அழத் தெரியாத கடவுள்கிட்ட நின்னு என்ன ஆகப்போகுது?" என்றேன்.

நீ என்னைத் திட்டவில்லை. நேரமாகிறது, வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னாய்.

இருபது நாள் கழித்து வேலைக்கு வந்தாய். பேருந்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாய். குட்மார்னிங் சொன்னாய், பிளேட்டில் முளைத்த கிருமி எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாய். என்னை 'மேடம்' என்றாய். தொழுகை நேரத்தில் நான் வழக்கம்போல ஸ்டோர் வாசலில் போய் நின்றேன். நீ அன்று முதல் வேறு ஷிப்ட் பெண் ஒருத்தியைத் துணைக்குக் கூட்டி வந்தாய்.

மன்னிப்புக் கேட்க எத்தனை தடவை எழுந்தேன் என்பது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு பயம் வந்து பிடித்துக்கொள்ளும். நான் சொன்னது தப்பு என்றால், கடவுள் மகனைக் கொடுத்தார் என்பதும் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? ஆண்டவரை மறுதலித்ததாகிவிடாதா? ஞாயிறு பள்ளியில் இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதையை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! தப்பு நான் நம்பியதில் இல்லை, அதை உன்மேல் எறிந்ததில்தான் என்று பிரித்துப் பார்க்க எனக்கு அறிவு இல்லாமல் போயிற்று. நம்பிக்கையைக் காப்பாற்றுவதாக நினைத்து என் வீம்பைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். இது உனக்குத் தெரியாமலே போய்விட்டது, அதனால்தான் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அந்த மாதம் சாட்சி சொல்ல, ஆண்டவர் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னும் எடுத்துச் சொல்ல, என் முறை வந்தது. எழுந்து நின்று உன் வீட்டுக் கூடத்தைப் பற்றிச் சொன்னேன். ஓதிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் சிலுவையைப் பற்றிப் பேச ஆண்டவர் எனக்குத் தைரியம் கொடுத்தார் என்றேன். உன் கேள்வியைச் சொல்லவில்லை. என் கடைசி வார்த்தையையும் சொல்லவில்லை. நாற்பது பெண்களும் "ஆமென்" என்றார்கள். உன் மகனின் சாவை எடுத்துக்கொண்டு போய் நான் பாராட்டு வாங்கி வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து என் கணவர் போனார். காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். சபையார் எல்லோரும் வந்தார்கள். இயேசுவும் கல்லறை அருகே கண்ணீர் விட்டாரல்லவா, அவர் உங்களோடு அழுகிறார் என்றார்கள். நான் பிறருக்கு நூறு தடவை சொன்ன அதே ஆறுதல். என் காதில் அது ஏறவே இல்லை. காலுக்குக் கீழே தரை நழுவுகிறபோது, கூட நழுவுகிறவரை எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆடாமல் அசையாமல் ஒருவர் நிற்க வேண்டும், அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. நீ அன்று கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீ வந்தாய். பெரிய தூக்கில் கஞ்சி. சமையலறைக்குள் போய், யார் வீடு என்ற யோசனையே இல்லாமல் பாத்திரங்களைத் துலக்கினாய், வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாய். அடக்கத்துக்குப் புறப்படும் நேரம்வரை நான் அழவில்லை. என் மகள் பயந்துபோய், "மம்மி, ப்ளீஸ் க்ரை," என்று என்னை உலுக்கிக்கொண்டிருந்தாள். நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஏட்டி, அழு. உன் ஆண்டவரு கூடச் சேந்து அழுவாருன்னு சொன்னேல்லா. அவரு அழட்டும், நீயும் அழு."

நீ நம்பாத ஒன்றை, எனக்கு அது வேண்டும் என்பதற்காக, ஒரு கிண்டலும் இல்லாமல் எடுத்து என் கையில் கொடுத்தாய். அத்தனை பேர் சொல்லியும் ஏறாதது நீ சொல்லி ஏறியது. உன் தோளில் விழுந்து அழுதேன். உன் நாளில் நான் செய்யாததை என் நாளில் நீ செய்தாய்.

அன்றே கேட்டிருக்கலாம். அப்புறம் மறுபடியும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தோம், 'ஏட்டி' திரும்பி வந்தது, அதைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன். கடவுளைப் பற்றி மட்டும் நாம் அதற்குப் பின் பேசவே இல்லை. நீ ஓய்வு பெற்றாய், நானும் பெற்றேன். சைனிக்புரியில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு போன் போதும் என்றிருந்தோம். பிறகு ஒரு நாள் போனை உன் நாத்தனார் எடுத்தார். மூளையில் ரத்தக்கசிவு, இரண்டே நாளில் முடிந்துவிட்டது என்றார்.

வீட்டுக்குப் போனேன். உன் நாத்தனார் என்னைத் தனியாக அழைத்துப் போய் ஒரு விஷயம் சொன்னார். நான் அன்று எழுந்து போன பிறகுதான் நீ முதன்முதலாக அழுதாயாம். அவர்கள் என்மேல் கோபப்பட்டபோது நீ விடவில்லையாம். "எங்க நபியும் மகனப் பறிகொடுத்து அழுதவங்கதான், அழுகது மனுசன் குணம், அத அவ சாமி மேல ஏத்திப் பாக்கா. அவகிட்ட இருந்ததுல பெருச எனக்குக் குடுத்தா, எனக்கு வாங்கிக்கிட முடியல," என்று சொன்னாயாம்.

நபி அழுத கதை பதினான்கு வருஷத்தில் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. உன் கடவுளிடம் என்ன இல்லை என்றுதான் கேட்டேனே தவிர, அவரிடம் நீ எப்படி நிற்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

போன மாதம் ஐக்கியக் கூட்டத்தில் நானே வாய்ப்புக் கேட்டு வாங்கி எழுந்து நின்றேன். ஏழு வருஷத்துக்கு முன் நான் சொன்ன சாட்சி பாதி என்றேன். மீதியைச் சொன்னேன். உன் கேள்வி, என் வார்த்தை, உன் கஞ்சி, நீ என்னை அழச் சொன்னது எல்லாம். அது சாட்சியே இல்லை, பிள்ளையை இழந்த ஒருத்திக்கு நான் செய்த கொடுமை என்றேன். யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. கடைசியில் ஒரு பெண், நல்ல மனசுக்காரிதான், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, முடிவுல அவங்க ஆண்டவரை ஏத்துக்கிட்டாங்களா?"

"நக்கோ மா, அதைக் கேக்காத," என்றேன். "அவ என்னை ஏத்துக்கிட்டா."

அவர்களிடம் சொன்னதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் நான் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் மகனைக் கொடுத்தார் என்பதை விட்டுவிடவில்லை, நீயும் விடச் சொல்லமாட்டாய். ஆனால் கண்ணை மூடினால் முன்பு போல வார்த்தைகள் மளமளவென்று வருவதில்லை. உன் கேள்விக்குப் பதில் தெரியாமலே அவர் முன்னால் நிற்கிறேன். அப்போது முதலில் வாயில் வருவது உன் பெயர்தான். அதற்குப் பின் என்னை மன்னித்துக்கொள் என்கிறேன், அதை உங்கள் இருவரில் யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை.